சென்னை வெயிலில் ரீஃப் டேங்க்: தண்ணீர் எத்தனை டிகிரியில் இருந்தால் சரி?

மாடிவீட்டுக் கடல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்திருக்கும். தேடியும் பார்த்தேன், கிடைத்த பதில்கள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கின்றன, அதனால்தான் என் ரீஃப் டேங்க் (பவளமும் கடல்மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி) விவரத்தோடு தனியாகக் கேட்கிறேன்.

வேளச்சேரியில் மூன்றாவது மாடி, மேலே மொட்டைமாடி. மூன்றடி டேங்க், கீழே கேபினட்டுக்குள் இருக்கும் துணைத்தொட்டியான சம்ப்போடு சேர்த்து சுமார் 200 லிட்டர் தண்ணீர். ஹாலில் இருக்கிறது, ஹாலில் ஏசி கிடையாது. உள்ளே ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு க்ளீனர் இறால், கோரல்களில் (பவளங்களில்) ஒரு ஹேமர், ஒரு லெதர் கோரல், கொஞ்சம் ஸோயா. அடுத்து, வளர்க்கக் கடினமான கோரலான அக்ரோபோரா ஒன்றிரண்டு துண்டு வைத்துப் பார்க்கலாம் என்று ஆசை.

பங்குனி வரை பிரச்சினையே இல்லை. இப்போது காலையில் 27.5, சாயங்காலம் ஐந்து மணிக்கு 29.8 காட்டுகிறது. ஹேமர் காலையில் நன்றாக விரிகிறது, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அதன் முனைகள் எல்லாம் பாதியாகச் சுருங்கி, அடியில் இருக்கும் எலும்பு விளிம்பு வெளியே தெரிகிறது. ராத்திரி விளக்கு அணைகிற நேரத்தில் மறுபடி கொஞ்சம் தேறுகிறது. க்ளவுன் இரண்டும் சாதாரணமாகத்தான் சாப்பிடுகின்றன.

மீன் வாங்கிய கடையில் 25-க்கு மேல் போனாலே எல்லாம் போய்விடும், சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம்) வாங்கியே ஆகணும் என்கிறார்கள். சில்லரும் அவர்களிடமே விற்பனைக்கு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் பார்த்தால் எல்லா வெள்ளைக்காரர்களும் 78 ஃபாரன்ஹீட், அதாவது 25.5 என்று அடித்துச் சொல்கிறார்கள். ராமேஸ்வரத்துக்காரரான என் மாமாவோ, ‘சித்திரை வைகாசியில் கடல் தண்ணியே வெதுவெதுன்னுதான் இருக்கும், அங்க பவளம் இல்லையா’ என்று கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது.

இன்னொரு குழப்பம், டேங்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பட்டைத் தெர்மாமீட்டர் 28 காட்டும் நேரத்தில் டிஜிட்டல் 29.8 காட்டுகிறது. எதை நம்புவது? நான் எந்த எண்ணைப் பிடித்து நிற்க வேண்டும்? சில்லர் இல்லாமல் முடியுமா?


பழைய உப்பு எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது தீராமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. கண்ணாடியில் ஒட்டும் பட்டையைப் பிடுங்கிப் போட்டுவிடுங்கள், அது பாதி தண்ணீரையும் பாதி ஹால் காற்றையும் அளக்கிறது. டிஜிட்டலைச் சரிபார்க்க வீட்டில் இருக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டர் போதும். டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டர்கள் 32-க்குக் கீழே எதுவும் காட்டாது, அதனால் டேங்கில் போட்டால் வேலை செய்யாது. ஒரு பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அது 37 டிகிரி பக்கம் இருக்கும்போது இரண்டின் முனையையும் ஒன்றாகப் பிடித்துக் கலக்கிக்கொண்டே பாருங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் அந்த இடத்தில் 0.1 டிகிரி சுத்தமாகச் சொல்லும். உங்கள் டிஜிட்டல் கூடக் காட்டினால் அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள், குறையக் காட்டினால் கூட்டிக்கொள்ளுங்கள். மலிவு டிஜிட்டல்கள் ஒரு டிகிரி தள்ளிக் காட்டுவது சர்வ சாதாரணம், நாமோ அரை டிகிரிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது எண். என் பதில்: சென்னையில் ஏசி இல்லாத ஹாலுக்கு 26.5 முதல் 27.5 வரை. சாயங்காலம் 28 தொட்டால் கவலைப்பட வேண்டாம். 29-ஐ மேல்கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தினமும் போகிறது என்றால் ஏதாவது செய்தாக வேண்டும். 30-ல் வாரக்கணக்கில் விடக் கூடாது.

25.5 என்பது தவறான எண் இல்லை. ஆனால் அது குளிர் நாட்டு வீட்டில் பிறந்த எண். அங்கே அறை 20, 21-ல் இருக்கும், ஹீட்டர் போட்டு ஏற்றுவதுதான் வேலை, எந்த எண்ணில் நிறுத்துவது என்பது அவரவர் விருப்பம், குறைவாக வைத்தால் கரண்ட் மிச்சம். நமக்கு இறக்குவதுதான் வேலை. ஒவ்வொரு டிகிரி இறக்கவும் காசு. நாம் வாங்கும் கோரல்களில் பெரும்பாலானவை இந்தோனேசியப் பக்கத்துக் கடலிலிருந்து வருபவை, அங்கே தண்ணீர் வருடம் முழுக்க 28, 29 பக்கத்தில்தான் இருக்கும். ஆக 27 என்பது அவற்றுக்குத் தண்டனை ஒன்றும் இல்லை.

சரி, கடலில் 29-ல் வாழ்வதை டேங்கிலும் 29-ல் வைத்தால் என்ன? இங்கேதான் ஆக்சிஜன் வருகிறது. 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் சுமார் 6.2. குறைவது கொஞ்சம்தான், இதைப் பார்த்து பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது மறுபக்கம்: 10 டிகிரி ஏறினால் உயிர்களின் வளர்சிதை வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு, அதன்படி 5 டிகிரிக்கு ஏறக்குறைய 40 சதவீதம். மீன், கோரல், பாறைக்குள் இருக்கும் பாக்டீரியா எல்லாம் சேர்ந்து அவ்வளவு அதிகமாகச் சுவாசிக்கும். வரவு கொஞ்சம் குறைகிறது, செலவு ஏகமாக ஏறுகிறது. அதுவும் ராத்திரி விளக்கு அணைந்தபின் கோரலுக்குள் இருக்கும் பாசியும் ஆக்சிஜனைத் தின்ன ஆரம்பிக்கும். விடிகாலை நாலு, அஞ்சு மணிதான் டேங்குக்கு மோசமான நேரம். நாமோ சாயங்காலம் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுக் கவலைப்படுகிறோம். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் ஓடுகிறதா, அலை எழுப்பும் பம்ப்பான வேவ் மேக்கர் ஒன்று மேல்மட்டத்தை நன்றாகக் கலக்குகிறதா என்று பாருங்கள், இது எந்தச் சில்லரையும் விட முதலில் செய்ய வேண்டியது.

உங்கள் டேங்கில் என்னை உறுத்துவது 29.8 என்ற எண்ணை விட, காலைக்கும் மாலைக்கும் 2.3 டிகிரி வித்தியாசம். ஒரு டிகிரி ஏறி இறங்குவது எந்த ஆழம் குறைந்த பவளப்பாறையிலும் நடப்பதுதான். இரண்டுக்கு மேல் தினமும் என்றால் குறைக்கப் பாருங்கள். சம்ப்பிலிருந்து டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் என்ன, எத்தனை வாட்? அதைச் சொல்லுங்கள், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.


கோவைக் காற்று எழுதியது:

சில்லர் வாங்குவதற்கு முன் ஃபேன் போட்டுப் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்தேன், ஆனால் நீங்கள் சென்னை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லணும்.

சம்ப் தண்ணீர் மட்டத்தின் மேல் சாய்வாகக் காற்று அடிக்கும்படி கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு, 12 வோல்ட், 120 மில்லிமீட்டர். அவ்வளவுதான் செட்டப். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: ஒரு லிட்டர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும், உங்கள் 200 லிட்டரை ஒரு டிகிரி இறக்க 800 கிலோஜூல் எடுத்தால் போதும். ஒரே ஒரு லிட்டர் காற்றில் போனால் மூன்று டிகிரிக்கான சூடு போகிறது! வெளியிலிருந்து சூடு வந்துகொண்டே இருப்பதால் நிஜத்தில் அத்தனை இறங்காது, ஆனாலும் இரண்டு டிகிரி தாராளமாகக் கிடைக்கும்.

கிடைக்கும் என்றது கோவைக் கணக்கு. ஆவியாக்கிக் குளிர வைப்பதற்கு ஒரு தரைமட்டம் உண்டு, ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை, அதற்குக் கீழே எத்தனை ஃபேன் போட்டாலும் இறங்காது. எங்கள் ஊரில் மத்தியானம் 35 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் அந்தத் தரைமட்டம் 23.5 பக்கம் வரும். உங்கள் ஊரில் கடல்காற்று வந்தபின் 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் 28.5. அதாவது எனக்குக் கீழே இறங்க இடம் நிறைய இருக்கிறது, உங்களுக்கு அப்படிப்பட்ட நாளில் இடமே இல்லை. 29.8-ஐ 29 ஆக்கலாம், 27 ஆக்க முடியாது. சென்னை நண்பர்கள் பலர் ஃபேன் வேலை செய்யவில்லை என்று குறை சொல்வது இதனால்தான், குறை ஃபேனில் இல்லை. காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும் வேளையில் நன்றாக வேலை செய்யும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஃபேன் போட்டால் அதே ஈரக்காற்று ஹாலுக்குள் சுற்றும், சம்ப் கேபினட் கதவை மூடி வைத்தாலும் அதே கதைதான், எனவே கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

மேலே கண்ணாடி மூடி இருந்தால் எடுத்துவிட்டு வலை போடுங்கள். மூடியை எடுத்தாலே கொஞ்சம் இறங்கும். வலை இல்லாமல் விடாதீர்கள், குதிக்கும் மீன் குதித்துவிடும்.

அப்புறம் இந்த ஆவிக் கணக்குக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே நிற்கும். நாளைக்கு மூன்று லிட்டர் போய், மூன்று நாள் ஊற்றாமல் விட்டால் உங்கள் 35 பிபிடி 36.5-ஐத் தாண்டிவிடும். ஊற்றுவது ஆர்ஓ தண்ணீர், உப்புத் தண்ணீர் இல்லை. ஃபேன் போடுகிற அன்றே, குறையும் தண்ணீரைத் தானே ஊற்றும் ஆட்டோ டாப்-அப்பும் போட்டுவிடுங்கள், கையால் ஊற்றிக்கொள்ளலாம் என்று ஆரம்பிப்பவர்கள் எல்லாரும் ஒரு வார இறுதியில் ஊருக்குப் போவார்கள்.


25 கட்சி எழுதியது:

பழைய உப்பு அண்ணன் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, மரியாதையோடுதான் சொல்கிறேன். நான் பெங்களூரில் அக்ரோபோரா மட்டுமே வைத்திருக்கிறேன், 25-ல் நிறுத்தி வைத்திருக்கிறேன், அதில் ஒரு காரணம் இருக்கிறது.

நம் ஊரில் எது கெட்டாலும் வெப்பநிலை மேலேதான் போகும். கரண்ட் போனால் மேலே, ஃபேன் நின்றால் மேலே, ஹீட்டர் ஒட்டிக்கொண்டாலும் மேலே. நீங்கள் 27.5-ல் நிற்கிறீர்கள் என்றால் 30-ஐத் தொட இரண்டரை டிகிரிதான் பாக்கி, நான் 25-ல் நின்றால் ஐந்து டிகிரி. ஆபீஸில் இருக்கும்போது வீட்டில் கரண்ட் போனால் அந்த வித்தியாசம்தான் எனக்குக் கிடைக்கும் நேரம். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் ஆக்சிஜன் செலவும் குறைவு என்று அண்ணனே சொல்லிவிட்டார், கரண்ட் போய் வேவ் மேக்கர் நிற்கும் நேரத்தில் அதுவும் கூடுதல் மூச்சு. வளர்ச்சி கொஞ்சம் மெதுவாக இருக்கும், ஆமாம், எனக்கு அவசரம் இல்லை.

சில்லர் பற்றி: வாங்குவதென்றால் டைட்டானியம் காயில் என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள், உப்புத் தண்ணீரில் செம்பு பட்டால் இறால், கோரல் எதுவும் மிஞ்சாது. எங்கே வைப்பது என்பது எதை வாங்குவது என்பதை விட முக்கியம். சில்லர் சூட்டை அழிப்பதில்லை, தண்ணீரில் இருந்து எடுத்து அறைக்குள் துப்புகிறது. அதை டேங்க் கேபினட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டினால் துப்பிய சூட்டையே திரும்பக் குடிக்கும், ஓடிக்கொண்டே இருக்கும். பால்கனிக்கோ சர்வீஸ் ஏரியாவுக்கோ குழாய் இழுத்துவிடுங்கள். 200 வாட் இழுக்கும் சில்லர் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 2 யூனிட், உங்கள் ஊர் இரண்டு மாத பில்லுக்கு 120 யூனிட் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணமே வேறு என்பது உங்களுக்கே தெரியும், எனவே இப்போதைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஹீட்டரும் சில்லரும் இரண்டும் இருந்தால் நடுவில் இடைவெளி விடுங்கள், ஹீட்டர் 25-ல் நிற்கணும், சில்லர் 26.5-ல் ஆரம்பிக்கணும். இரண்டையும் ஒரே எண்ணில் வைத்தால் ஒன்று ஏற்ற, மற்றது இறக்க, ராத்திரி முழுக்க உங்கள் காசில் மல்லுக்கட்டும்.


பழைய உப்பு எழுதியது:

25 கட்சி, உங்கள் வாதம் பெங்களூருக்குப் பொருந்தும். உங்கள் அறையே பெரும்பாலான மாதங்களில் 25-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, சில்லர் எப்போதாவதுதான் விழிக்கும். இவர் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிறார். இவர் 25-ல் வைத்தால் சில்லர் மே மாதம் முழுக்க மூச்சுவிடாமல் ஓடும், அப்படி ஓடும் கம்ப்ரஸர்தான் கத்திரி வெயிலில் படுத்துக்கொள்ளும், அன்று டேங்க் 25-லிருந்து 31-க்கு ஏறும். 25-க்குப் பழகிய கோரலுக்கு 31 என்பது, 27.5-க்குப் பழகிய கோரலுக்கு 31 என்பதைவிடக் கடுமையான அடி. நேரம் அதிகம் கிடைக்கிறது என்பது சரி, ஆனால் விழும் உயரமும் அதிகம் இல்லையா?

எந்த எண்ணை உங்கள் வீட்டில், வருடத்தின் மோசமான வாரத்தில், தாங்கிப் பிடிக்க முடியுமோ அதுதான் உங்கள் எண். ஜனவரியில் 25-ம் மே மாதத்தில் 30-மாக இருக்கும் டேங்கைவிட, இரண்டிலும் 27 பக்கம் இருப்பது மேல்.


தூத்துக்குடி அலை எழுதியது:

கடல் உயிரியல் படிக்கிறேன், டேங்க் வைத்திருப்பவள் இல்லை, ஆனால் மாமா கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

மாமா சொல்வது உண்மை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் இருக்கும் தீவுகளைச் சுற்றித்தான் நம் பவளப்பாறைகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், 21 தீவுகள். ஆழம் குறைவு, ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் 30-ஐத் தாண்டும். ஆனால் மாமாவிடம் இன்னொன்றையும் கேளுங்கள், அந்த மாதங்களில் பவளம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று. 30-ஐத் தாண்டி நிற்கும்போது வெளுக்க ஆரம்பிக்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்தது. தென்மேற்குக் காற்று எழும்பித் தண்ணீர் ஆறினால் பல பவளங்கள் நிறம் மீளும், ஆறாமல் நீண்டால் சாகும். அதாவது 30 என்பது அவை சுகமாக வாழும் வெப்பநிலை கிடையாது, தாக்குப்பிடிக்கும் எல்லை.

அந்த எல்லையும் எல்லாப் பவளத்துக்கும் ஒன்றில்லை. பாரசீக வளைகுடாவில் கோடையில் 34, 35 டிகிரித் தண்ணீரில் உயிரோடு இருக்கும் பவளங்கள் உண்டு, அதே தண்ணீர் குளிர்காலத்தில் 20-க்கும் கீழே போகும். கிரேட் பேரியர் ரீஃபின் தெற்கு முனையில் இருப்பவை அந்த 34-ல் சில நாள்கூடத் தாங்காது. ஒவ்வொரு இடத்துப் பவளமும் அந்த இடத்தின் வழக்கமான கோடைக்குப் பழகியிருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவின் நோவா அமைப்பு கடலைக் கண்காணிக்கும்போது உலகம் முழுவதற்கும் ஒரே எண் வைப்பதில்லை. அந்த இடத்தில் வருடத்திலேயே சூடான மாதத்தின் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள், அதைவிட ஒரு டிகிரி கூடினால் கணக்கு ஆரம்பிக்கிறது. ஒரு டிகிரி கூடுதலாக நான்கு வாரம் நின்றால் 4, இரண்டு டிகிரி கூடுதலாக இரண்டு வாரம் நின்றாலும் 4. நாலைத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளுப்பை எதிர்பார்க்கலாம், எட்டைத் தொட்டால் சாவும் சேர்ந்து வரும்.

இதை டேங்குக்கு எப்படிப் பொருத்துவது என்று நீங்கள்தான் அனுபவத்தில் சொல்லணும், ஆனால் எனக்குத் தோன்றுவது: ஒரு நாள் சாயங்காலம் 30-ஐத் தொட்டது என்பதைவிட, எத்தனை வாரமாக அங்கேயே நிற்கிறது என்பதைத்தான் பார்க்கணும். உங்கள் கோரல் போன வருடம் எந்த வெப்பநிலையில் வாழ்ந்ததோ அதிலிருந்து எத்தனை தள்ளிப் போகிறது என்பதையும்.

வெளுப்புக்குச் சூடு மட்டும் காரணம் இல்லை, சூடும் வெளிச்சமும் கூட்டாளிகள். சூடேறிய பவளத்துக்குள் இருக்கும் பாசியால் வழக்கமான வெளிச்சத்தைக்கூடச் சமாளிக்க முடியாது, ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகி, செல்லைத் தின்னும் வகை ஆக்சிஜனை உற்பத்தி செய்ய ஆரம்பிக்கும். வேறு வழியில்லாமல் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளுகிறது. கடலில் மேகமூட்டம் வந்தால் வெளுப்பு குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் கையில் மேகம் இருக்கிறது, எல்இடி டிம்மர். 29-ஐத் தாண்டும் நாட்களில் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். அந்த ஹேமர் மூன்று மணிக்குச் சுருங்குவது இரண்டும் சேர்ந்து உச்சத்தில் இருக்கும் நேரமாக இருக்கலாம், உங்கள் விளக்கு எத்தனை மணிக்கு முழு வெளிச்சத்துக்கு வருகிறது?

கடைசியாக ஒன்று, கேட்காமலே சொல்கிறேன். ராமேஸ்வரத்தில் உறவினர் இருக்கிறார் என்றதும் யாராவது அங்கிருந்து ஒரு கல் கொண்டுவா என்று யோசனை சொல்வார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது பவளம். செத்த துண்டானாலும் எடுக்கக் கூடாது.


டொராண்டோ தொட்டி எழுதியது:

எங்கள் பக்கம் நிலைமை தலைகீழ், ஆனால் ஹீட்டர் பற்றி இரண்டு வரி. சென்னைக்கும் ஹீட்டர் தேவைப்படும், குறிப்பாக டேங்க் ஏசி அறைக்கு மாறினால். ஏசிக் காற்று உலர்ந்தது, தண்ணீர் வேகமாக ஆவியாகும், அறை 24-ல் இருக்கும்போது டேங்க் அதற்கும் கீழே போவதைப் பார்க்கலாம். ராத்திரி ஏசி, பகலில் இல்லை என்றால் அதுவே பெரிய ஊசலாட்டம்.

ஹீட்டரில் கெடுவது பெரும்பாலும் அதன் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட். தொடர்பு முனை ஒட்டிக்கொண்டால் அணையவே அணையாது. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் 300 வாட் ஹீட்டர் அப்படி ஒட்டிக்கொண்டு காலையில் டேங்க் 36-ல் நின்றது, மேலே சொல்ல எதுவும் இல்லை. ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் சின்னதாக இரண்டு போடுங்கள், உங்கள் ஊருக்கு 50 வாட் இரண்டு போதும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் 200 லிட்டரை வேகவைக்கும் வலு அதற்குக் கிடையாது, ஒன்று செத்தாலும் மற்றது ராத்திரியைத் தாட்டிவிடும். இரண்டையும் வெளியே ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரில் மாட்டுங்கள், ஹீட்டரின் சொந்தக் குமிழை ஒரு டிகிரி மேலே வைத்துவிட்டால் அது இரண்டாவது பாதுகாப்பு. அதே கன்ட்ரோலரின் கூலிங் பக்கத்தில் ஃபேனை மாட்டலாம், தனியாக ஒன்று வாங்கத் தேவையில்லை.


மாடிவீட்டுக் கடல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இத்தனை விவரம் எதிர்பார்க்கவில்லை.

பிளாஸ்க் சோதனை செய்தேன். காய்ச்சல் தெர்மாமீட்டர் 37.1 காட்டியபோது என் டிஜிட்டல் 38.0. ஆக 29.8 என்பது நிஜத்தில் 28.9. பாதி பயம் அங்கேயே போய்விட்டது!

விளக்கு காலை 10 மணிக்கு ஆரம்பித்து மத்தியானம் 2 முதல் 5 வரை முழு வெளிச்சம். தூத்துக்குடி அலை சொன்ன பிறகுதான் உறைத்தது. இப்போது மாலை 3 மணிக்கு ஆரம்பித்து, 6 முதல் 9 வரை உச்சம் என்று மாற்றி, உச்சத்தையும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். ஆபீஸ் விட்டு வந்து டேங்கைப் பார்க்கவும் இதுதான் வசதி. ஹேமர் சாயங்காலம் சுருங்குவது குறைந்திருக்கிறது, முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ரிட்டர்ன் பம்ப் பழைய ஏசி (மாற்று மின்னோட்ட) மோட்டார், 60 வாட். வேவ் மேக்கர் இரண்டும் டிசி. ஃபேன் மாட்டியாகிவிட்டது, கேபினட் கதவைக் கழற்றியே வைத்துவிட்டேன், வீட்டில் அழகு போச்சு என்று திட்டு. இப்போது சாயங்காலம் 28.2 பக்கம் நிற்கிறது, கடல்காற்று அதிகமான நாளில் 28.6.

மூன்று கேள்வி மட்டும். கன்ட்ரோலர் முனையை எங்கே போடுவது? மே மாதம் கரண்ட் போனால் என்ன செய்வது, ஐஸ் போடலாமா? அக்ரோபோரா வாங்கலாமா?


பழைய உப்பு எழுதியது:

60 வாட் பம்ப், அதைத்தான் சந்தேகப்பட்டேன். தண்ணீருக்குள் முங்கியிருக்கும் பம்ப் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத் தண்ணீரிலேயேதான் முடியும். 60 வாட் ஒரு நாள் முழுக்க ஓடினால், வெளியே போக வழியே இல்லாத 200 லிட்டரை 6 டிகிரிக்கு மேல் ஏற்றப் போதுமான சூடு அது. உங்கள் ஃபேன் ஆவியாக்கும் தண்ணீரில் இரண்டு லிட்டர் இந்தப் பம்ப்பின் சூட்டைத் தூக்கி எறியவே செலவாகிறது. 20, 25 வாட் டிசி பம்ப் ஒன்று போட்டால் சில்லர் இல்லாமலே இன்னும் அரை டிகிரியாவது இறங்கும், கரண்ட் பில்லும் இறங்கும். முதல் காசை இதில் போடுங்கள். மே முழுக்கப் பாருங்கள், இத்தனைக்குப் பிறகும் 29-ஐத் தாண்டி நின்றால் அப்போது சில்லர், அதையும் 27.5-ல் வையுங்கள்.

கன்ட்ரோலர் முனை: சம்ப்பில், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் அறையில், ஹீட்டருக்குப் பக்கத்திலோ ஃபேன் நேராக அடிக்கும் இடத்திலோ வேண்டாம். தண்ணீர் மட்டம் இறங்கினாலும் முங்கியே இருக்கும்படி ஆழமாக, டை போட்டுக் கட்டிவிடுங்கள். முனை நழுவி வெளியே தொங்கினால் அது ஹால் காற்றைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு ஃபேனை ஓட்டிக்கொண்டே இருக்கும், டிசம்பரில் ஹீட்டரை அணைக்கவே அணைக்காது.

ஐஸ்: பாட்டிலில் உறைய வைத்து சம்ப்பில் மிதக்க விடுங்கள், குழாய்த் தண்ணீர் ஐஸை நேராகப் போடாதீர்கள். ஒரு லிட்டர் பாட்டில் முழுக்க உருகித் தண்ணீரின் சூட்டுக்கு வந்தால் 200 லிட்டரில் அரை டிகிரிதான் இறங்கும். எனவே ஒன்று போட்டுவிட்டு மாயம் நடக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம், பயந்துபோய் ஆறு பாட்டிலை ஒன்றாகப் போடவும் வேண்டாம், ஒன்று உருகிய பின் அடுத்தது. இன்னொன்று, ரிட்டர்ன் பம்ப் நின்றிருக்கும்போது சம்ப்பில் போட்ட ஐஸ் டேங்குக்கு எதுவும் செய்யாது, அப்போது பாட்டிலை டேங்கிலேயே விடணும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேவ் மேக்கரை இன்வர்ட்டர் பாயிண்டில் மாட்டுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் சூட்டைவிட மூச்சுதான் முதலில் தீரும்.


25 கட்சி எழுதியது:

பம்ப் விஷயத்தில் அண்ணனோடு முழு உடன்பாடு, எண் விஷயத்தில் இன்னும் இல்லை, அது இருக்கட்டும்.

அக்ரோபோரா கேள்வி என் பக்கத்துக் கேள்வி என்பதால்: கத்திரி முடியட்டும். ஒரு கோடையை இந்த டேங்க் 29-க்குள் கடந்ததா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கப் போகும்போது உங்கள் தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துப் போய்க் கடைத் தொட்டியில் முக்கிப் பாருங்கள். பெரும்பாலான கடைகள் ஏசி போட்டு 24, 25-ல் வைத்திருக்கும். பையைக் கால் மணி நேரம் மிதக்க விட்டால் பைத் தண்ணீர் உங்கள் டேங்க் சூட்டுக்கு வந்துவிடும், கோரல் வராது. அதற்குப் பழக நாட்கணக்கில் ஆகும். கடையில் 24.5, வீட்டில் 28 என்றால் தனியாக ஒரு சின்னத் தொட்டியில், சின்ன ஹீட்டரோடு 25-ல் ஆரம்பித்து, நாளுக்கு அரை டிகிரிக்கு மேல் போகாமல் ஏற்றிக்கொண்டு வாருங்கள், வெளிச்சம் பாதியில். தனித் தொட்டிக்கு இடமில்லை என்றால் ஜனவரியில் வாங்குங்கள், உங்கள் டேங்கே அப்போது 26 பக்கம் இருக்கும், அதுவே மெதுவாகக் கோடைக்குக் கூட்டிக்கொண்டு போகும்.